எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிரிப்பு

அந்தப் படத்தில் வசந்தமலர் சிரித்துக்கொண்டிருந்தாள். இதிலென்ன அதிசயம் என்று கேட்பவர்கள் அவளுடைய மற்றப் படங்களைப் பார்க்கவேண்டும். கல்யாணப் படம், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம், கோயில் தேருக்குப் போன படம் எல்லாவற்றிலும் ஒன்றில் வாய் பூட்டியிருக்கும், இல்லாவிட்டால் வலது கை வாயைப் பொத்தியிருக்கும். முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறி நின்றதுதான் காரணம். கமராவைக் கண்டால் கை தானாக மேலே போய்விடும். முப்பது வருடம் கூடவே இருந்த சோதிலிங்கமே அவள் சிரிப்பைக் குசினிக்குள் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறார்.

இந்த ஒரு படத்தில் மட்டும் பொத்துவதற்குக் கை இல்லை. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில், நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு மாடிகள். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். நடுவில் ஒரு நடைபாலம். வசந்தமலர் அந்தப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். முதலாவது குளிர்காலம் கீழ்வீட்டுச் சோமாலியப் பெண் தன் பிள்ளையையும் கூட்டிப்போகச் சொன்னாள். மறுவருடம் ஐந்து பிள்ளைகள். அதற்கடுத்த வருடங்களில் பன்னிரண்டு, பதினைந்து என்று வால் நீண்டது. பள்ளிக்கூடம் ஒரு மஞ்சள் ஒளிச்சட்டை கொடுத்தது. அவ்வளவுதான் நியமனம். பத்தொன்பது குளிர்காலம் அவள் அந்தப் பாலத்தால் பிள்ளைகளை நடத்திப் போனாள். ஒருநாள், அழுத்தியதும் படம் வெளியே வரும் கமரா ஒன்று வகுப்புக்கு வந்திருந்தது. ஏதோவொரு பிள்ளை பாலத்தின் நடுவில் வைத்து அழுத்திவிட்டது. அந்த வகைப் படத்துக்கு நெகற்றிவ் கிடையாது. கணினியிலும் இருக்காது. உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

வசந்தமலர் அதைக் கட்டில் விரிப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். அவள் புற்றுநோயில் போய் மூன்றாம் வாரம்தான் சோதிலிங்கம் கண்டெடுத்தார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு அதைப் போடலாம் என்றார். சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. "என்ன அண்ணை, துப்புரவுச் சட்டையோடையோ?" என்றார்கள். கடைசியில் கடவுச்சீட்டுப் படத்துத் தலையை வெட்டி, யாரோ ஒருத்தியின் காஞ்சிபுரம் சேலைக்குமேல் ஒட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் விழுத்திப் புத்தகத்தை அச்சடித்தார்கள். வசந்தமலர் தன் வாழ்நாளில் நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்றதில்லை.

எனவே ஒரிஜினல் சோதிலிங்கத்தோடு இருந்தது. காலமையில் தேத்தண்ணிக் கோப்பையில் அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாண் தின்பார். அவருக்கு அறுபத்துநாலு வயது. கிட்டங்கி வேலையிலிருந்து நின்றாயிற்று. கண்ணில் சத்திரசிகிச்சை செய்ததால் கார் அனுமதிப்பத்திரமும் போயிற்று. மிச்சம் இருந்தது இந்தப் படமும் ஒரு மகளும்.

அவள் போய் இரண்டு வருடத்தில் செயலகத்திலிருந்து கடிதம் வந்தது.

செயலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் நாட்டில் ஒரு நிர்வாகச் சீர்திருத்தம் நடந்தது. அது முடிந்தபோது வீதிப் பகுதியில் நான்கு பேர், பள்ளிக்கூடப் பகுதியில் மூன்று பேர், வட்டார வரலாற்றில் இரண்டு பேர் என்று ஒன்பது பேர் மிஞ்சினார்கள். நோர்வேயில் மிஞ்சியவர்களைத் தெருவில் விடும் வழக்கம் இல்லை. ஒன்பது பேரையும் ஒரே மாடியில் இருத்தி, நல்ல கோப்பி ஊற்றும் மெசின் ஒன்றையும் வைத்து, 'வீதி, பள்ளிக்கூட, வட்டார நினைவுச் செயலகம்' என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தபின் வேலை தானாக உண்டாயிற்று.

கடிதம் இப்படிச் சொன்னது: நெடுஞ்சாலை ஒரு தடத்தால் அகலமாகப் போகிறது. அதன்பின் வாகன நெரிசல் என்ற சொல்லே ஒஸ்லோவில் இருக்காது. அதற்காகப் பள்ளிக்கூடமும் நடைபாலமும் அகற்றப்படும். நினைவு மட்டும் அகற்றப்படமாட்டாது. புதிய இரைச்சல் தடுப்புச் சுவரில் வட்டார வரலாறு பதிக்கப்படும். சோதிலிங்கம் ஒரு 'காலத்தின் சாட்சி'யாகத் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறார்.

கீழ்மாடி பிலேந்திரன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலிருந்து கூட்டாளி. இப்போது டாக்ஸி ஓடுகிறார்.

"சோதி அண்ணை, நீங்கள் வரலாறாப் போனியள்."

"விசர்க்கதை கதையாதை."

"இல்லை அண்ணை, உதிலை எழுதிக்கிடக்கு. முத்திரையும் குத்தியிருக்கு. இனி உங்களை உடைக்கேலாது. பள்ளிக்கூடத்தைத்தான் உடைப்பாங்கள்."

சாட்சிகளை அழைத்த கூட்டம், உடைக்கப்படவிருந்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. வாசலில் வாஃபிள் சுட்டுக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தார்கள். நினைவுகளை எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். செயலக இயக்குநர் துரீட் என்ற பெண்மணி ஒலிவாங்கி தேவைப்படாத குரலில் தொடங்கிவைத்தார்.

"வீதி மனிதரைக் கொண்டுபோகிறது. பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது. வரலாறு எல்லோரையும் கொண்டுபோகிறது. இந்த மூன்றையும் ஒரே மாடிக்குக் கொண்டுவந்த முதல் நாடு நாங்கள்தான். எதை உடைக்கிறோமோ அதை இவ்வளவு மரியாதையாக உடைக்கும் நாட்டை நீங்கள் வேறெங்கும் காணமாட்டீர்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். சோதிலிங்கமும் தட்டினார். பிறகு ஒரு தாளில் "பாலத்தைத் திருப்பிக் கட்டுவீர்களா?" என்று எழுதி ஒட்டினார். துரீட் அதை வாசித்துவிட்டு அவருடைய தோளைத் தொட்டார்.

"மிக முக்கியமான கருத்து. இதை நாங்கள் எங்களோடு கொண்டுபோகிறோம்."

கொண்டுபோனார்கள். கூட்டம் முடிய எல்லாத் தாளையும் உரித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனதைச் சோதிலிங்கம் தன் கண்ணால் கண்டார்.

சாட்சிகள் ஒரு படமும் தரவேண்டும் என்று படிவத்தில் இருந்தது. பக்கத்தில் தடித்த எழுத்தில், "பிரதி போதும்." சோதிலிங்கம் அதை வாசித்தார். விளங்கியது. விளங்கியபடியால்தான் நம்பவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டில் அகதி விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழின் கொப்பியைக் கொடுத்தவர் அவர். அப்போதும் ஒரு வெள்ளைக்காரர் சிரித்தபடி "போதும்" என்றுதான் சொன்னார். பதினாலு மாதம் கழித்து, ஒரிஜினல் இல்லாதபடியால் கோப்பு நகரவில்லை என்று கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் தமையன் ஊரடங்குக்குள் அரசாங்கக் கச்சேரிக்கு அலைந்து ஒரிஜினலை எடுத்தனுப்பிய கதை வேறு. அன்றைக்குச் சோதிலிங்கம் ஒரு முடிவெடுத்தார். கந்தோர் என்றால் ஒரிஜினல். அவர்கள் எதைக் கேட்டாலும் ஒரிஜினல். அப்படித்தான் குடியுரிமை கிடைத்தது, வீடு கிடைத்தது, மகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து, ஒருதரம் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார்.

மகள் தக்ஷாயினி தான் குடியிருக்கிற ரொம்மனிலிருந்து சனிக்கிழமை வந்தாள். தேத்தண்ணிக் கோப்பை தனியே இருந்ததைக் கண்டாள்.

"அம்மான்ரை படம் எங்கை அப்பா?"

"கந்தோருக்குக் குடுத்தனான்."

"கொப்பிதானே?"

சோதிலிங்கம் பாணுக்குப் பட்டர் பூசினார்.

"அப்பா! அந்த ஷெமாப் படிவத்திலை தடிச்ச எழுத்திலை கொப்பி போதும் எண்டு கிடக்கு!"

"உனக்குத் தெரியாது பிள்ளை. அவங்கள் உப்பிடித்தான் எழுதுவாங்கள்."

தக்ஷாயினி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருந்து, கோப்பையைத் தன் பக்கம் இழுத்து, அதன் வெறும் விளிம்பை விரலால் தடவினாள்.

திங்கட்கிழமை சோதிலிங்கம் செயலகத்துக்குப் போய் இலக்கச் சீட்டு எடுத்தார். முன்னால் ஒருவரும் இல்லை. இருந்தாலும் இலக்கம் எழுபத்தொன்று. கருமபீடத்தில் ஹென்ரிக் என்ற இளம் அலுவலர். நல்ல பிள்ளை. இந்தக் கதையில் வருகிற எல்லோருமே நல்ல பிள்ளைகள், அதுதான் பிரச்சினை.

"படம் இப்போது ஆவணமாகிவிட்டது," என்றான் ஹென்ரிக். "ஆவணத்தை வெளியே கொடுப்பதென்றால் படத்தில் இருப்பவரின் சம்மதம் வேண்டும். தனிமனித உரிமை."

"அவ செத்துப்போனா, தம்பி."

"என் அனுதாபங்கள்." ஹென்ரிக் தலையைச் சாய்த்து மூன்று விநாடி வைத்திருந்தான். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த மூன்று விநாடி. "அப்படியானால் அவர் நேரில் வரவேண்டியதில்லை. இணையத்தில் சம்மதம் தரலாம். வங்கி கொடுக்கும் மின் அடையாளம், பாங்க்ஐடி, இருந்தால் போதும்."

"செத்த ஆளுக்கு எங்கத்தைப் பாங்க்ஐடி?"

ஹென்ரிக் கணினியில் தட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஓ, இருந்திருக்கிறது! இரண்டு வருடத்துக்கு முன் நிறுத்தப்பட்டிருக்கிறது. கடவுச்சீட்டோடு வங்கிக்குப் போனால் புதுப்பித்துத் தருவார்கள்."

"அப்ப ஒரு கொப்பியாவது எடுத்துத் தாருமன்."

"கொப்பியும் வெளியே கொடுப்பதுதானே," என்றான் ஹென்ரிக் மிகுந்த கவலையோடு. "நீங்கள் எங்களுக்குக் கொப்பியைத் தந்திருந்தால் ஒரிஜினல் உங்களிடம் இருந்திருக்கும்."

அதைச் சோதிலிங்கமும் யோசித்துத்தான் இருந்தார்.

தக்ஷாயினி மேன்முறையீடு எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதை அவள் குசினியில் நின்று வாசித்து, வாசிக்க வாசிக்கத் தமிழாக்கினாள். படத்தில் இருக்கும் வசந்தமலர் அவர்களுக்கு மூன்று வார அவகாசம் கொடுத்து இரண்டு கடிதம் அனுப்பப்பட்டது. அவர் பதிலளிக்கவில்லை. பதிலளிக்காதபடியால், படத்தைச் சுவரில் நாலு மீற்றர் உயரத்தில் அச்சிடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படுகிறது. ஆனால் படத்தைக் கணவருக்குக் கொடுப்பதற்கு மௌனம் போதாது. அதற்குத் தெளிவான சம்மதம் தேவை. இறுதித் தீர்மானம். கணவர் விரும்பினால் ஆவணக் காப்பகத்தில் பார்வையிடலாம். அறுபது வருடம் கழித்து.

"அறுபது வருஷத்திலை எனக்கு நூத்தி இருபத்திநாலு வயது," என்றார் சோதிலிங்கம்.

"ஓமப்பா."

"நாள் போட்டிருக்கே? எத்தினை மணிக்கு எண்டு?"

தக்ஷாயினி சிரித்தாள். சிரித்தபோது அவளுடைய கை வாய்க்குப் போயிற்று. பல் நேராக்கக் கம்பி போட்டு, எல்லாம் வரிசையாக நிற்கிற வாய் அது. பொத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சோதிலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியாக ஒரு வழி அவருக்குத் தோன்றியது. கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு துரீட்டிடமே போனார். காஞ்சிபுரம் சேலை, நீர்வீழ்ச்சி, நாலு நிறம். உங்களுக்கு வேண்டியது ஒரு படந்தானே, இதை எடுத்துக்கொண்டு அதைத் தாருங்கோ என்று கேட்டார்.

துரீட் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மெய்யாகவே அவருடைய கண் கலங்கியது.

"இது உங்கள் தேசிய உடையா? இந்த நீர்வீழ்ச்சி அவருடைய ஊரா?"

"இல்லை. அது கொம்பியூட்டர்."

"ஆனால் இதில் அவர் சிரிக்கவில்லையே."

"அவ படத்திலை சிரிக்கிறேல்லை. அந்த ஒண்டிலைதான்."

துரீட் பேனையை மேசையில் வைத்தார். "பார்த்தீர்களா சோதிலிங்கம்? அப்படியென்றால் அது அபூர்வமானது. அபூர்வமானதை ஒரு குசினியில் விட்டுவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் வீட்டில் அதை யார் பார்ப்பார்கள்? நீங்கள் ஒருவர். சுவரில் ஒரு நாளைக்கு எழுபதாயிரம் பேர் கடந்துபோவார்கள். நாங்கள் உங்கள் மனைவியை உங்களிடமிருந்து எடுக்கவில்லை. சமூகத்திடம் கொடுக்கிறோம். பத்தொன்பது வருடம் அவருக்கு ஒரு நியமனக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை என்று கோப்பில் கண்டேன். வெட்கமாக இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இந்த முறை எல்லாவற்றையும் முறைப்படி செய்வோம்."

முறைப்படி செய்தார்கள். முதலில் பிள்ளைகள். அந்த இருவரும் இப்போது வளர்ந்து எங்கேயோ இருப்பார்கள், யாரென்று தெரியாது, ஆகவே தனிமனித உரிமை. அவர்களை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு பேர்ச் மரக்கன்றுகளை வைத்தார்கள். வசந்தமலர் இரண்டு கையிலும் இரண்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்தது சிரிப்பு. செயலகத்தில் மிஞ்சியிருந்த நான்கு வீதிக்காரர்களும் இத்தனை நாளாகத் தங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே என்ற மனக்குறையில் இருந்தவர்கள். வாய் திறந்த சிரிப்பு ஓட்டுநரின் கவனத்தை விநாடியில் பத்தில் ஏழு பங்கு நேரம் இழுக்கும், விபத்து வரும் என்று நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார்கள். வாயை மூடிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஓவியர் ஒருவர் மாதிரியும் செய்து காட்டினார். அதைத் தகவலுக்காகக் குடும்பத்துக்கு அனுப்பினார்கள்.

சோதிலிங்கம் அந்த மூடிய வாயைப் பார்த்தார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த வாய். எல்லாப் படத்திலும் இருக்கிற வாய். அன்றைக்கு அவர் சமைக்கவில்லை. பிலேந்திரன் கொண்டுவந்த இடியப்பப் பார்சல் மேசையிலேயே காய்ந்தது.

ஆனால் செயலகம் நீதியானது. வரலாற்றுக்காரர் இருவரும் ஆட்சேபித்தார்கள். பரிசோதனைக்காக ஒரு காரை எண்பது கிலோமீற்றரில் பதினாறு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த வேகத்தில் போகிற எவராலும் அவள் சிரிப்பதைக் காணமுடியாது என்று விஞ்ஞான ரீதியாக நிரூபணமாயிற்று. அதன்பிறகு சிரிப்புக்கு அனுமதி கிடைத்தது.

பங்குனி மாதம் பள்ளிக்கூடம் உடைந்தது. நடைபாலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரந்தூக்கியால் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். புரட்டாதியில் சுவர் திறப்பு விழா.

விழாவுக்கு வந்த எல்லோருக்கும் பாதுகாப்பு விதிப்படி மஞ்சள் ஒளிச்சட்டை கொடுத்தார்கள். துரீட், ஹென்ரிக், மாநகரசபை ஆட்கள், வாத்தியக் குழு, வாஃபிள் சுடுகிற பெண்கள் எல்லோருமே அந்தச் சட்டையில் நின்றார்கள். சோதிலிங்கம் தூரத்திலிருந்து வரும்போது ஒரு விநாடி அவருடைய கால் நின்றுவிட்டது. பத்தொன்பது வருடம் பல்கனியிலிருந்து அவர் தேடிப் பழகிய மஞ்சள். இப்போது எங்கே பார்த்தாலும் மஞ்சள். அவளை மட்டும் காணவில்லை.

அவளைக் காணாததற்குக் காரணம் இருந்தது. விழா நடந்தது சுவரின் குடியிருப்புப் பக்கம். அந்தப் பக்கம் வெறும் சாம்பல்நிறக் கொங்கிறீற். வலது மூலையில் ஒரு சின்னத் தகடு: "இந்தச் சுவரில் உங்கள் வட்டாரத்தின் வரலாறு உள்ளது. (மறுபக்கம்)".

"மற்றப் பக்கத்துக்கு எப்பிடிப் போறது?" என்று சோதிலிங்கம் ஹென்ரிக்கிடம் கேட்டார்.

"வாகனத்தில்."

"நடந்து?"

"நெடுஞ்சாலையில் நடக்கக்கூடாது."

"ஓரமா நிப்பாட்டி இறங்கி?"

"நிறுத்தக்கூடாது." ஹென்ரிக் குரலைத் தாழ்த்தினான். "நானும் இன்னும் பார்க்கவில்லை. என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது."

துரீட் சாம்பல் சுவருக்கு முன்னால் ஏறி நின்றார். "வரலாறு எங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பார்கள். இன்று அது உண்மையாகவே எனக்குப் பின்னால் இருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவேண்டியதில்லை. அது இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒரு சாதாரணத் துப்புரவுப் பணியாளர் பிள்ளைகளின் கையைப் பிடித்து இந்த வீதியைக் கடக்கவைத்தார். இனி அப்படியொருவர் தேவைப்படமாட்டார். ஏனென்றால் இனி இங்கே கடப்பதற்கு வழி இல்லை." நாடா வெட்டப்பட்டது. வாத்தியம் வாசித்தார்கள். சுவர் இரைச்சலை மிக நன்றாகத் தடுத்தது.

அடுத்தநாள் பின்னேரம் பிலேந்திரன் டாக்ஸியைக் கொண்டுவந்து மாடியடியில் நிறுத்தினார்.

"ஏறுங்கோ அண்ணை. மச்சாளைப் பாத்திட்டு வருவம்."

சோதிலிங்கம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு வந்தார். முன்னிருக்கையில் ஏறினார். நெடுஞ்சாலையில் புத்தம் புதுத் தடம் வெறுமையாகக் கிடந்தது.

"வலப்பக்கம் அண்ணை. வருகுது, வருகுது... போட்டுது."

"எங்கை?"

"போட்டுது அண்ணை."

அடுத்த வெளியேறும் வழி நாலு கிலோமீற்றர் தள்ளி. போய்த் திரும்பி, மறுபடி சுற்றி வந்தார்கள். இரண்டாம் தரம் ஒரு பாரவூர்தி பக்கத்தில் வந்து சுவரை மறைத்தது. மூன்றாம் தரம் சோதிலிங்கம் இமைத்துவிட்டார். நாலாம் தரம் ஒரு மஞ்சள் கீற்று, அதற்கு மேலே வெள்ளையாக ஏதோவொன்று.

"கண்டியளோ?"

"பல்லுப் போலை கிடந்தது."

"இண்டைக்கு அது காணுமண்ணை. நாளைக்கு மிச்சத்தைப் பாப்பம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்ஷாயினியும் வந்து தொலைபேசியில் படம் எடுத்துப் பார்த்தாள். சாயம் கொட்டுப்பட்டமாதிரி ஒரு மஞ்சள் கோடு வந்தது. அவள் அதை அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. எட்டாவது வாரம், அகலமான வீதியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டு எல்லோரும் அதில் வரத் தொடங்கியிருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்றரை மணிக்கு நெடுஞ்சாலை நின்றது. பழைய தடங்களும் நின்றன, புதுத் தடமும் நின்றது. நெரிசல் என்ற சொல் ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

அன்றைக்கும் பிலேந்திரன்தான் ஓட்டி வந்தார். அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பக்கத்துத் தடத்திலிருந்து இரண்டு காரை முன்னுக்கு விட்டு, ஒரு இடத்தில் வந்து பிறேக்கைப் பிடித்தார்.

சோதிலிங்கம் கண்ணாடியை இறக்கினார்.

அவள் நின்றாள். நாலு மீற்றர் உயரம். மஞ்சள் சட்டை, தலையில் அந்தப் பழைய கம்பளித் தொப்பி, இரண்டு கையிலும் இரண்டு மரம். வாய் முழுக்கத் திறந்து, ஏறின பல் இரண்டு விரல் அகலத்தில் வெயிலில் மினுங்கச் சிரித்தாள். குசினியில் பக்கவாட்டாகப் பார்த்த அந்தச் சிரிப்பு முழுதாக, நேராக, அவரைப் பார்த்தே வந்தது. சுற்றிவரச் சனம் ஸ்டியறிங்கில் தாளம் போட்டது, தொலைபேசியைத் தடவியது, கொட்டாவி விட்டது. எழுபதாயிரம் பேரில் ஒருவரும் நிமிரவில்லை.

"போனிலை ஒண்டு எடுங்கோவன் அண்ணை," என்றார் பிலேந்திரன் மெல்ல. "இப்ப அசையாமல் நிக்கிறா. நல்லா விழும்."

சோதிலிங்கம் தலையை ஆட்டினார். "எனக்குக் கொப்பி வேண்டாம்."

பதினொரு நிமிடம். பிறகு முன்னால் நின்ற கார்கள் நகரத் தொடங்கின. டாக்ஸிக்கு முன்னால் இடம் விழுந்தது. இரண்டு கார் தூரம், ஐந்து கார் தூரம். நோர்வேயில் ஹோர்ன் அடிப்பதென்பது கெட்டவார்த்தை பேசுவதற்குச் சமம். பின்னால் நின்றவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்பதுபோல் சின்னதாய் ஒன்று அடித்தார்.

"அண்ணை, எடுக்கட்டோ?"

சோதிலிங்கத்தின் வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்தியிருந்தது. தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிலேந்திரனுக்குப் பிடிபடவில்லை. அவர் வீதியையே பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, நடைவேகத்தில் டாக்ஸியை எடுத்தார்.

இப்போது திங்கள் தொடக்கம் வெள்ளி வரை மூன்றரைக்கு இருவரும் புறப்படுகிறார்கள். ஒஸ்லோ நகரம் முழுதும் வானொலியில் நெரிசல் அறிவித்தலைக் கேட்டுச் சலித்துக்கொள்ளும்போது, ஒரு வீட்டில் மட்டும் ஒருவர் எழும்பிப்போய்ச் சவரம் செய்கிறார். சனி, ஞாயிறு வீதி வெறுமை. அந்த இரண்டு நாளும் அவருக்குப் பொழுது போவதில்லை.

போன கிழமை செயலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. நெரிசலை ஒழிப்பதற்காக இன்னுமொரு தடம் போடப்போகிறார்களாம். சுவரைச் சற்றுத் தள்ளிவைக்கவேண்டுமாம். சோதிலிங்கத்தின் கருத்தை அவர்கள் மிகவும் மதிக்கிறார்களாம். உறைக்குள் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளும் இருந்தது. அவர் அதைத் தேத்தண்ணிக் கோப்பையில் ஒட்டி வைத்திருக்கிறார். இன்னும் ஒன்றும் எழுதவில்லை.